சென்னை வீட்டில் புது ஜன்னல்: சுவரை உடைக்கும் முன்

எங்கள் திருவல்லிக்கேணி வீட்டின் பின்கட்டு அறையில் நடுப்பகலிலும் ட்யூப்லைட் எரியும். ஜன்னல் வைக்கலாம் என்று பேசிய மறுநாளே மேஸ்திரி சுத்தியலோடு வந்துவிட்டார். அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு எல்லைக்கல்லைத் தேடினேன். நீங்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1. எல்லையை அளந்து பாருங்கள். சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து எல்லை வரை எத்தனை அடி காலி இடம் என்று பத்திரத்தை வைத்துப் பாருங்கள். சுவரே எல்லையில் நின்றால் அந்தப் பக்கம் ஜன்னல் வேண்டாம். கதவைத் திறந்தாலும் சன்ஷேட் போட்டாலும் அது அடுத்தவர் இடம். ஜார்ஜ் டவுன் மாதிரி வீடுகள் ஒட்டியே நிற்கும் பகுதிகளில் தெருப்பக்கம், முற்றம், கொல்லை, இவைதான் வழி.

2. பிளானை எடுங்கள். சென்னையில் கட்டுமானத்துக்கு 1971 நகரமைப்புச் சட்டமும் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் பொருந்தும். ஜன்னல் திறக்கவும் அடைக்கவும் தனி அனுமதி வேண்டாம் என்று தேசிய கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. பலர் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மற்ற விதிகளையும் கட்டடத்தின் உறுதியையும் அது பாதிக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. அதனால் அப்ரூவ்டு பிளானில் ஜன்னலைக் குறித்து, மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். ஃபிளாட் என்றால் வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது, சங்கத்தின் கடிதமும் வேண்டும்.

3. பக்கத்து வீட்டில் பேசுங்கள். பெரும்பாலும் சண்டை வருவது இங்கேதான். 1882 வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, ஒரு ஜன்னல் வழியாக 20 வருடம் தடையில்லாமல் வெளிச்சமும் காற்றும் வந்திருந்தால்தான் அது உரிமையாகும். நேற்று வைத்த ஜன்னலுக்கு அந்த உரிமை கிடையாது. எதிரே பக்கத்து வீட்டுக்காரர் தன் இடத்தில் விதிப்படி சுவர் எழுப்பினால் அதைக் காட்டித் தடுக்க முடியாது. வழக்கத்தால் வரும் அந்தரங்க உரிமையை 18ஆம் பிரிவு ஏற்கிறது. அதற்கு அது காட்டும் உதாரணமே, அயலார் வீட்டின் உட்பகுதி தெரியும்படி திறக்கும் புது ஜன்னல்தான். எதிரே அவர்கள் குளியலறையோ படுக்கையறையோ இருந்தால், ஜன்னலின் அடிமட்டத்தைக் கண்மட்டத்துக்கு மேலே தூக்குங்கள். வெளிச்சம் குறையாது, மனத்தாங்கலும் வராது.

4. அளவு. சென்னை மாதிரி புழுக்கமான ஊருக்கு அறைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது அதே விதித்தொகுப்பு. 10க்கு 12 அறைக்கு 20 சதுர அடி, அதாவது 4க்கு 5 ஜன்னல்.

5. உடைப்பது. மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தூண் இல்லை, தளத்தின் பாரம் முழுக்க சுவர்மேல்தான். பொறியாளர் பார்க்காமல் கை வைக்காதீர்கள். முதலில் தளத்துக்கு முட்டு, பிறகு லிண்டல் (ஜன்னலுக்கு மேலே பாரம் தாங்கும் உத்தரம்), அது இறுகிய பிறகுதான் கீழே உடைப்பு. லிண்டல் இருபுறமும் ஆறங்குலமாவது சுவரில் உட்கார வேண்டும். தெரிந்தவர் ஒருவர் முட்டு இல்லாமல் உடைத்து, தளத்தில் குறுக்கே விரிசல் விழுந்தது.

அனுமதியில்லை என்று நோட்டீஸ் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். அனுமதியில்லாத வேலையை நிறுத்தச் சொல்ல 57ஆம் பிரிவும், அகற்றச் சொல்ல 56ஆம் பிரிவும் 1971 சட்டத்தில் இருக்கின்றன. நோட்டீஸில் தந்த கெடுவுக்குள், கட்டியதை வைத்துக்கொள்ள 49ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம். கெடு போய்விட்டால் இடிப்புதான், செலவும் உங்கள் தலையில்.

வேலை முடிந்த அன்றே தேதி தெரியும்படி ஜன்னலைப் போட்டோ எடுத்து பத்திரத்தோடு வையுங்கள். அந்த 20 வருடக் கணக்குக்கு அதுதான் சாட்சி.