பட்டுச்சேலைக்கு நடுவில் வைத்த கல்யாண சிடி

குளச்சலில் எங்கள் வீட்டு பீரோவில் அக்காவின் கல்யாண சிடி இருந்தது, 2006-ல் எடுத்தது. போன வருஷம் அதை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஊசியால் குத்தியதுபோல் பத்துப் பதினைந்து இடத்தில் வெளிச்சம் தெரிந்தது, ஓரத்தில் வெள்ளிப்பூச்சு மீன் செதில் மாதிரி உரிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. எந்த லேப்டாப்பும் அதைப் படிக்கவில்லை. படமெடுத்த ஸ்டூடியோவில் கேட்டால், பழையதை எல்லாம் எப்போதோ அழித்துவிட்டோம் என்றார்கள். இத்தனைக்கும் அம்மா அதைப் பட்டுச்சேலைக்கு நடுவில் வைத்து அப்படிப் பாதுகாத்தார்.

எழுதும் சிடியில் தகவல் ஒரு சாயப் படலத்தில்தான் இருக்கிறது, அதன்மேல் மெல்லிய உலோகப்பூச்சு. ஈரமும் வெக்கையும் இரண்டையும் அரித்துவிடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு, கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. பென்டிரைவையும் மெமரி கார்டையும் நம்பி இருந்துவிடாதீர்கள், வருஷக்கணக்கில் எதிலும் சொருகாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் மின்னூட்டம் கசிந்து படம் போய்விடலாம். ஹார்ட்டிஸ்க் கொஞ்சம் தேவலாம், ஆனால் கை தவறி விழுந்தால் போச்சு.

அதனால் எந்தப் பொருள் ரொம்ப நாள் உழைக்கும் என்று தேடுவதைவிட நகல் எடுத்துக்கொண்டே இருப்பதுதான் வழி. மூன்று நகல், இரண்டு வகையான இடத்தில், அதில் ஒன்று வேறு ஊரில். உதாரணமாக லேப்டாப்பில் ஒன்று, ஹார்ட்டிஸ்க்கில் ஒன்று, இணையத்தில் சேமிக்கும் கிளவுடிலோ வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டிலோ ஒன்று. வேறு ஊர் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் பக்கம் வீட்டோடு ஆல்பத்தையும் பறிகொடுத்தவர்கள் நிறைய. தெரிந்த ஒரு குடும்பத்துக்கு, போய்விட்ட அம்மாவின் முகம் தக்கலையில் உறவுக்காரர் வீட்டு ஆல்பத்திலிருந்துதான் திரும்பக் கிடைத்தது, அந்த ஒரு படத்தைப் பெரிதாக்கித்தான் இன்றும் மாட்டியிருக்கிறார்கள்.

முதல் வேலை, சிதறிக் கிடப்பதை ஒரே இடத்தில் சேர்ப்பது. பழைய போன், கார்டு, மெயில், எல்லாவற்றையும் தோண்டுங்கள். வளைகுடாவில் இருக்கும் மாமா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும், எடுத்த தேதியும் இடமும் அதில் தங்காது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும். ஃபோல்டருக்கு 2019-05-12 என்று வருஷம் முதலில் வரும்படி தேதி போட்டு, பக்கத்தில் 'தம்பி நிச்சயதார்த்தம்' என்று எழுதினால் போதும், வரிசை தானாக அமையும். ஜேபெக் (JPG) படத்தைத் திருத்தித் திருத்தி சேமித்தால் ஒவ்வொரு தடவையும் தரம் குறையும், அசலைத் தொடாமல் நகலில் திருத்துங்கள்.

காகிதப் படங்களை ஸ்கேன் செய்யும்போது சாதாரண அளவுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், பாஸ்போர்ட் சைஸ் மாதிரிச் சின்னப் படத்துக்கு 600 வையுங்கள். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே வேண்டாம், கண்ணாடியோடு வைத்து ஸ்கேன் செய்யுங்கள்.

இதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேளுங்கள். நான் கேட்டபோது, "அது உனக்க தாத்தாவுக்க தங்கச்சி மக்கா, திங்கள்சந்தையில கட்டிக்குடுத்தது" என்றார். அந்த முகம் யாரென்று எங்கள் வீட்டில் வேறு யாருக்குமே தெரியாது. படங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பெயர்களை எழுதி வைத்தேன், ஆச்சியின் குரலையும் அங்கேயே போட்டேன்.

கிளவுட் பற்றி: கூகுள் கணக்கில் இலவசமாக 15 ஜிபிதான், மெயிலும் அதற்குள்தான். 2 வருஷம் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கை அவர்கள் அழிக்கலாம். கணக்கின் அமைப்புகளில், நாம் இத்தனை மாதம் உள்ளே வராவிட்டால் யாருக்குத் தகவலும் படங்களும் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் வசதி உண்டு, 3 மாதத்திலிருந்து காலம் வைக்கலாம், 10 பேர் வரை சேர்க்கலாம். தயவுசெய்து இன்றைக்கே போட்டு வையுங்கள், வீட்டுக்காரர் இறந்தபின் பாஸ்வேர்டு தெரியாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, போனில் அழித்தால் கிளவுடிலும் அழிகிறது என்றால் அது நகலே இல்லை, அந்த நகலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஹார்ட்டிஸ்க்கை இறுக மூடும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொருகி நாலைந்து படமாவது திறந்து பாருங்கள், சத்தம் மாறினால் உடனே வேறொன்றுக்கு மாற்றுங்கள். நன்றாக ஓடினாலும் ஐந்தாறு வருஷத்தில் நான் புதிது வாங்கிவிடுவேன்.

எங்கள் வீட்டில் இரண்டு டிஸ்க் உண்டு. கிறிஸ்துமஸுக்குச் சித்தி மதுரையிலிருந்து வரும்போது ஒன்றைக் கொண்டு வருவார், அதுவரை சேர்ந்த படங்கள் ஏறிய மற்றதை எடுத்துக்கொண்டு போவார்.