பேனா கோடு நடுங்கினால் முதலில் உறையைக் கழற்றுங்கள்

திருபுவனத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது என் வேலை. முன்பு கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் நிரப்புவோம், இப்போது டேப்லெட்டில். தறிக்கூடத்துத் தூசி, கத்திரி வெயில், ஐப்பசி அடைமழை என்று எல்லாவற்றுக்கும் அது ஈடுகொடுத்தாக வேண்டும். சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு.

என்னிடம் இருப்பது சாம்சங், எஸ் பென்னோடு. இந்தப் பேனா வரைவதற்கு பேட்டரியே வேண்டாம். திரைக்கு அடியிலிருந்து வரும் காந்தப்புலத்திலேயே ஓடிவிடும். சில பேனாக்களில் இருக்கும் பேட்டரி, தள்ளி நின்று பட்டனை அழுத்திப் படம் பிடிப்பது போன்ற வேலைகளுக்குத்தான். அதனால் சார்ஜ் இறங்கித்தான் கோடு வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆப்பிள் பென்சில் வேறு ரகம், அதற்குச் சார்ஜ் இருந்தே ஆக வேண்டும்.

காந்தப்புலத்தில் ஓடுவதாலேயே இதற்கு எதிரியும் காந்தம்தான். மடக்கு உறையின் மூடியில் காந்தம் வைத்திருப்பார்கள். மூடியைப் பின்பக்கம் மடித்துப் போட்டு வரையும்போது அது திரைக்கு நேர் அடியில் வந்து உட்கார்ந்துவிடும். வெற்றுப் பக்கத்தைத் திறந்து, மூலைக்கு மூலை ஸ்கேல் வைத்து மெதுவாகக் கோடு இழுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் கோடு நெளிந்தால் உறையைக் கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். நேராகிவிட்டால் செலவு உறையோடு போயிற்று. அப்போதும் அதே இடத்தில் நெளிந்தால் திரையில்தான் கோளாறு. திரை முழுக்கக் கோடு விட்டுவிட்டு வந்தால் பேனா முனையில் இருக்கும் நிப்பைப் பாருங்கள்: நகத்தால் தடவும்போது ஒரு பக்கம் சப்பையாகத் தெரிந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இடுக்கியால் பிடித்து இழுத்தால் வந்துவிடும், புதியதைச் செருகிக்கொள்ளலாம். சொரசொரப்பான மேட் ஃபிலிம் ஒட்டினால் நிப் சீக்கிரம் தேயும். இருந்தாலும் நான் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். வெறும் கண்ணாடியில் புட்டாவின் வளைவு கைக்கு அடங்குவதில்லை.

பேனாவுக்கு ஒரு கயிறும் கட்டுங்கள். "தம்பி, உன் குச்சி தறிக்குழியில கெடக்கு" என்று தறியிலிருந்து குரல் வராத நாள் குறைவு.

சார்ஜ் கேபிள் முழுதாக இறங்காமல் துருத்திக்கொண்டிருந்தால் போர்ட் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எங்கள் ஊரில் பாதிக்கு மேல் பட்டு இழைப் பிசிறுதான், உள்ளே அடைந்து மெத்தை மாதிரி அமுங்கியிருக்கும். டேப்லெட்டை அணைத்துவிட்டு, டார்ச் அடித்து, காய்ந்த மரப் பல்குச்சியால் மெல்லக் கிளறி எடுங்கள். ஊசி கூடாது. ஜரிகைத் துணுக்கு கண்ணில் பட்டால் கூடுதல் கவனம். அது உலோகம், போர்ட்டுக்குள் இருக்கும் மின்முனைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும்.

சார்ஜில் இருக்கும்போது மட்டும் திரை தானாகத் தொட்டுக்கொண்டால், பெரும்பாலும் மட்டமான சார்ஜரின் வேலை. நல்லதாக மாற்றிப் பாருங்கள்.

மழையில் நனைந்தால் அரிசி டின்னில் போடச் சொல்லாதவர்கள் இந்த டெல்டாவில் இல்லை. வேண்டாம். ஐபோனுக்கே அரிசி கூடாது என்று ஆப்பிள் சொல்கிறது. பொடித்துகள் உள்ளே போய்க் கெடுக்கும். அணைத்து, துடைத்து, போர்ட் கீழே பார்க்கும்படி தட்டி, மின்விசிறிக் காற்றில் வைத்தால் போதும். ஈரம் காயும்வரை சார்ஜ் போடாதீர்கள்.

வெயில்தான் பேட்டரிக்கு எமன். ஐபேடைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் உச்ச வெப்பமே 35 டிகிரி. கத்திரியில் இங்கே அதைத் தாண்டாத மதியம் ஏது? விடியற்காலையில், உறையைக் கழற்றிவிட்டுச் சார்ஜ் போடுவேன். சமதளத்தில் மல்லாத்தி வைத்தால் ஆடுகிறதா, திரையின் ஓரம் தூக்குகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். அப்படியானால் பேட்டரி உப்பிவிட்டது. அழுத்தி ஒட்டப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். இது ஒன்றுக்கு மட்டும் வீட்டு வைத்தியம் கிடையாது, நேரே கடைதான். அணைப்பதற்கு முன் டிசைன்களை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடுங்கள்.