வார்டுக்குள் நுழையும் முன் கைகளைத் தேய்க்கும் முறை

மருத்துவமனையில் உறவினரைப் பார்க்கச் செல்பவர்கள், வார்டு வாசலில் மாட்டியிருக்கும் சானிடைசரில் ஒரு சொட்டை உள்ளங்கையில் மட்டும் தடவிக்கொண்டு நுழைவது போதாது. உள்ளங்கை நிறைய எடுத்து, பெரும்பாலும் விடுபட்டுப்போகும் கட்டைவிரல்களையும் விரல் நுனிகளையும் இடுக்குகளையும் சேர்த்து, ஈரம் தானாகக் காயும்வரை 20 முதல் 30 விநாடிகள் தேய்க்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் முறை. கையில் அழுக்கோ இரத்தமோ தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான் சரி. அதற்கு 40 முதல் 60 விநாடிகள் ஆகும். வயிற்றுப்போக்கு உள்ள நோயாளிக்கு உதவிய பின்னரும் சோப்பு போட்டே கழுவுங்கள், ஏனெனில் அந்நோயை உண்டாக்கும் சில கிருமிகளின் வித்துகள் (தடித்த உறைக்குள் உறங்கும் வடிவம்) சானிடைசரில் உள்ள ஆல்கஹாலுக்கு அழிவதில்லை. நோயாளியைத் தொடாமல் கட்டில் கம்பியை மட்டும் பிடித்திருந்தாலும், வெளியே வரும்போது மீண்டும் தேய்த்துக்கொள்ள வேண்டும். கைபேசியை எடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.