ஓடும் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பது எப்படி? பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வழிகாட்டி

மாலை ஐந்து மணிக்கு மைதானத்தின் வேப்பமர நிழலில் வந்து நிற்கும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், இவனுக்கு இதில் எதிர்காலம் இருக்கிறதா?" பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து அதற்கு உறுதியாகப் பதில் சொல்ல எந்தப் பயிற்சியாளராலும் முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை விளையாட்டில் நிலைத்து நிற்கவும், ஆட்டம் ஓய்ந்த பிறகு ஒரு வேலையில் காலூன்றவும், தோல்வி வரும்போது மனம் ஒடிந்துபோகாமல் இருக்கவும் பெரியவர்கள் செய்யக்கூடியவை பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. நேரமும் கவனமும் வேண்டும். 22 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து கற்றுக்கொண்டவற்றை, என் தவறுகளையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

பாராட்டும்போது எதைச் சொல்வது

"சூப்பர்", "சிங்கம்டா நீ" என்ற சொற்கள் பிள்ளையின் முகத்தில் ஒரு நிமிடம் வெளிச்சத்தைக் கொண்டுவரும். அடுத்த நாள் பயிற்சியில் எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லித்தரமாட்டா. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 800 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். எங்கள் மண் தடம் 200 மீட்டர் என்பதால் நான்கு சுற்று ஓட வேண்டும். அவள் முதல் இரண்டு சுற்றுகளை 70 நொடிகளில் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு சுற்றுகளுக்கு 84 நொடிகள் எடுத்துக்கொள்வாள். கடைசி வளைவில் தோள்கள் காதை நோக்கி ஏறிவிடும், கைமுட்டிகள் இறுகிவிடும். "இன்னும் வேகமாக ஓடு" என்று பல நாட்கள் கத்திப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. பிறகு ஒரு நாள் நான்கு சுற்றுகளின் நேரத்தையும் தனித்தனியே ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுத்து, "இதில் உனக்கு என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "முன்னாடியே செலவழிச்சுடறேன் சார்" என்றாள். அடுத்த வாரம் முதல் பாதியை 75 நொடிகளிலும் இரண்டாம் பாதியை 77 நொடிகளிலும் ஓடினாள். மொத்தத்தில் குறைந்தது இரண்டே நொடிதான், ஆனால் அதை அவளே கண்டுபிடித்தாள் என்பதால் அதன்பிறகு நான் கத்த வேண்டிய தேவை வரவில்லை.

ஆகவே பாராட்டாக இருந்தாலும் திருத்தமாக இருந்தாலும், கண்ணால் கண்ட ஒரு செயலைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "பந்தை விட்டபிறகும் உடனே திரும்பி ஓடினாய்" என்பது ஒரு பிள்ளை நாளையும் செய்யக்கூடிய செயல். ஒவ்வொரு பிள்ளையிடமும் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கட்டும். அன்றைய பயிற்சி, தூங்கிய நேரம், உடம்பில் எங்கே வலி என்ற மூன்றை மட்டும் அவர்களே எழுதட்டும். இரண்டு மாதத்தில் அந்த நோட்டு உங்களைவிட நன்றாகப் பேசத் தொடங்கும். தன் வேலையைத் தானே கணக்கு வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான் பிற்காலத்தில் தொழிற்கூடத்திலும் அலுவலகத்திலும் அவர்களுக்குக் கைகொடுக்கிறது என்று பழைய மாணவர்கள் வந்து சொல்லக் கேட்டிருக்கிறேன்.

உடம்பு தாங்கும் அளவு

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகள் இன்னும் மென்மையாக இருக்கும் வயதில் ஒரே விளையாட்டை ஆண்டு முழுவதும் ஆடவைப்பது முழங்காலிலும் குதிகாலிலும் தீராத வலியைக் கொண்டுவந்துவிடும். ஒரு விளையாட்டுக்கான வாராந்தரப் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பதும், வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்பதும் விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வாரம் 12 மணிநேரம் போதும். மிச்ச நேரத்தில் அவன் மரம் ஏறட்டும், நீந்தட்டும், வேறு ஏதாவது ஆடட்டும்.

பெண் பிள்ளைகள் விளையாட்டைக் கைவிடுவது பெரும்பாலும் எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையில்தான் என்பதைக் கண்ணெதிரே பார்த்துவருகிறேன். மாதவிடாய், உடை பற்றிய கூச்சம், இருட்டிய பிறகு வீடு திரும்பும் அச்சம் ஆகியவை அந்த வயதில் ஒன்றாக வந்து சேர்கின்றன. அதோடு இரத்தசோகையும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெண் திடீரென்று பின்தங்கினால் "சோம்பல் வந்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடாமல், முதலில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. அவள் எவ்வளவு முயன்றாலும் தசைகளுக்குப் போதிய உயிர்க்காற்று போய்ச் சேராது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் வாங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் முன்னால் விழுங்கச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, முட்டை இவையெல்லாம் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவை. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் கூடும். டப்பாவில் விற்கும் பொடிகளைக் கடைக்காரர் சொன்னார் என்று வாங்கித் தராதீர்கள். அவற்றில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்து ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்வது மட்டும் பிள்ளையைக் காப்பாற்றாது.

பாதுகாப்பைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பெற்றோர் வந்து பார்ப்பதை விரும்பாத பயிற்சியாளரிடமும், மூடிய அறையில் தனியாகப் பயிற்சி என்று கூப்பிடுபவரிடமும் பிள்ளையை அனுப்ப வேண்டாம், அவர் எவ்வளவு பதக்கம் வாங்கித் தந்தவராக இருந்தாலும் சரி. வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது ஓர் ஆசிரியை உடன் வர வேண்டும். ஏதேனும் நடந்துவிட்டால் 1098 என்ற சிறார் உதவி எண்ணை அழைக்கலாம் என்பது பிள்ளைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

சான்றிதழ் என்னும் பெரிய வேலை

மைதானத்தில் உழைத்த உழைப்பு வேலையாக மாறுவதும் வீணாகிப்போவதும் பல நேரங்களில் ஒரு கோப்புறையைப் பொறுத்தது. என் மாணவன் ஒருவன் நல்ல கபடி ஆட்டக்காரன், மாநில அளவில் ஆடியவன். அவனுடைய போட்டி நுழைவுப் படிவத்தை அவசரத்தில் நிரப்பியவன் நான். வருகைப் பதிவேட்டில் இருந்த முழுப்பெயரை எழுதாமல், எல்லோரும் அழைக்கும் சுருக்கப் பெயரை எழுதிவிட்டேன். ஐந்து ஆண்டுகள் கழித்து அவன் விளையாட்டுப் பிரிவில் வேலைக்கு விண்ணப்பித்தபோது சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். திருத்தம் வாங்க அலைந்து முடிப்பதற்குள் கடைசித் தேதி கடந்துவிட்டது. அவன் என்னை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, இன்று வேறொரு நல்ல வேலையில் இருக்கிறான் என்றாலும், அந்தப் படிவம் என் மனத்தைவிட்டு இன்னும் போகவில்லை. அன்று முதல் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்து, தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. இரயில்வே, வங்கிகள், வருமானவரித் துறை, காவல்துறை, இராணுவம் ஆகியவையும் விளையாட்டுப் பிரிவில் ஆள் எடுக்கின்றன. பொறியியல் கலந்தாய்விலும் தனி இடங்கள் இருக்கின்றன. ஆனால் எல்லாச் சான்றிதழும் இவற்றுக்குச் செல்லாது. அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்திய போட்டியா, எந்த அளவிலான போட்டி, எந்த இடம் பிடித்தார் என்பவற்றைப் பார்த்தே மதிப்பிடுவார்கள். "தேசியப் போட்டி" என்று பெயர் வைத்து, ஆளுக்குச் சில ஆயிரம் வாங்கிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் பதக்கம் மாட்டி அனுப்பும் போட்டிகளும் நடக்கின்றன. பணம் கட்டும் முன் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். பள்ளியில் படிக்கும்வரை குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும் பள்ளிக் கல்வித் துறைப் போட்டிகளும், முதலமைச்சர் கோப்பையும் நம்பத்தகுந்த வழிகள். திறமை தெரிந்தால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கான தேர்வு அறிவிப்பைத் தேர்வு முடியும் கோடைக் காலத்தில் தவறாமல் பாருங்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, படிப்பு நான்கும் ஒரே இடத்தில் கிடைப்பது ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய விடுதலை.

யாருடைய கதையைச் சொல்வது

முன்மாதிரிகளைச் சொல்லும்போது கவனம் வேண்டும். குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலகச் சதுரங்க வெற்றியாளர் ஆனார். அவர் நான்காம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்கு முழுநேரமாகச் செல்லவில்லை, மருத்துவரான அவருடைய தந்தை தம் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு பயணம் செய்தார் என்பதைக் கேட்டுவிட்டு, தங்கள் பிள்ளையின் படிப்பையும் நிறுத்தலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வேண்டாம் என்றே சொன்னேன். அந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தியது. ஒருவர் சம்பளத்தில் நடக்கும் வீட்டில் அந்தச் சுமை முழுவதும் பிள்ளையின் தோளில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நான் மாணவர்களிடம் அதிகம் சொல்வது சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பற்றி. டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவரை அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் சென்னைக்கு அழைத்துவந்து வாய்ப்புத் தேடித் தந்தார். 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானபோது நடராஜனின் பந்துவீச்சு முறைமீது புகார் எழுந்தது. அங்கேயே முடிந்துபோயிருக்க வேண்டியது. அவர் முறையைத் திருத்திக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்றவர், 2020-21 பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். தம் சட்டையில் ஜே.பி. நட்டு என்று வழிகாட்டியின் பெயரையும் சேர்த்துப் பொறித்துக்கொண்டார். இந்தக் கதையில் பிள்ளைகள் நடராஜனைப் பார்க்கட்டும். பெரியவர்களாகிய நாம் ஜெயப்பிரகாஷைப் பார்ப்போம்.

பெரியவடகம்பட்டி மாரியப்பனின் கதையும் அப்படிப்பட்டதே. ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது கால் நசுங்கியவர், மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரிசில் வெண்கலமும் வென்றார். காய்கறி விற்று அவரை வளர்த்த தாயை மறந்துவிட்டு இந்தப் பதக்கங்களைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

பதக்கம் வராதபோது

மாநில அணிக்குப் போகிறவர்கள் சிலரே. மற்றவர்களிடம் பிளஸ் டூ முடிக்கும் முன்பே இதைப் பற்றிப் பேசிவிட வேண்டும். விளையாட்டை விடாமலே பிழைக்க வழிகள் உண்டு: உடற்கல்வியில் பட்டம், இயன்முறை மருத்துவம், நடுவர் தேர்வு, உடற்பயிற்சிக் கூடம். 1920-இல் தொடங்கி இப்போது சென்னை நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும், காரைக்குடி அழகப்பா உடற்கல்விக் கல்லூரியும், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் அதற்காகவே இருக்கின்றன. வேறு தொழிலுக்குப் போகிறவனை ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடுங்கள், 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளையும் கேட்டுப் பாருங்கள். நேர்முகத் தேர்வில் "ஆறு ஆண்டுகள் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் இருந்தேன்" என்று சொல்ல அவனுக்குப் பழக்குங்கள். அது எந்த மதிப்பெண் பட்டியலிலும் இல்லாத தகுதி, ஆனால் பிள்ளைகள் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

தோற்றுவிட்டு வரும் நாளில் வண்டியில் ஏறியவுடன் ஆட்டத்தை அலசாதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள், தண்ணீர் கொடுங்கள், வீடு வரும்வரை அமைதியாக வாருங்கள். பேச வேண்டியதை மறுநாள் பேசலாம். அப்போதும் முதலில் பேசுவது பிள்ளையாக இருக்கட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பேச்சு ஒன்று போதும், ஓராண்டு உழைப்பைக் கெடுத்துவிட. தோல்விக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் திரும்பவில்லை, நண்பர்களிடமும் பேசுவதில்லை என்றால் அறிவுரை சொல்வதை நிறுத்திவிட்டு, 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள்; கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் போன்ற பேச்சு எழுந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே அழையுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

ஒரு நாள் பிள்ளை வந்து, "எனக்கு இது போதும், நிறுத்திக்கொள்கிறேன்" என்று சொல்லக்கூடும். அப்போது இதுவரை செலவழித்த பணத்தைக் கணக்குச் சொல்லாதீர்கள். வலியா, பயமா, யாராவது ஏதாவது செய்தார்களா என்று கேளுங்கள். இவை ஒன்றும் இல்லையென்றால், அணியில் மற்றவர்கள் அவனை நம்பியிருப்பதால் இந்தப் பருவத்தை முடித்துக்கொடுக்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் மனம் மாறவில்லையென்றால் முழு மனத்தோடு விடை கொடுங்கள். அவனுடைய ஸ்பைக் ஷூவைக் கழுவிக் காயவைத்து, கீழ் வகுப்பில் வெறுங்காலோடு ஓடும் ஒருவனுக்கு அவன் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் ஒரு விரலளவு இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.