பாலம் தாண்டினால் ஒரு மணி நேரம் லாபம்

ஸ்பெயினின் துய் ஊரிலிருந்து போர்ச்சுகலின் வலென்சாவுக்கு நடந்தே போய்விடலாம். நடுவில் மின்யோ ஆறு. 1886-இல் திறந்த இரும்புப் பாலத்தில் மேலே ரயில், கீழே வாகனங்கள், ஓரத்தில் நமக்கான நடைபாதை. இரண்டும் ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே பொது விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகள்; தனி விசா வேண்டாம். ஆனாலும் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கவனிக்க வேண்டியது கடிகாரத்தைத்தான். ஸ்பெயின் ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஆற்றங்கரையில் செல்போன் எந்தக் கரை டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அலாரத்தை நம்பி ரயிலைக் கோட்டை விடாதீர்கள். தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, ரயில் ஏறப்போகும் ஊரின் நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் துய்யிலிருந்து கிளம்பினால் அந்த ஒரு மணி நேரம் நம் கணக்கில். வலென்சா கோட்டைக்குள் சாவகாசமாகச் சுற்றலாம். கல் பாவிய ஏற்றம், செருப்பு சரிப்படாது.