தண்டுக்குள் நீர் ஏறும் பாதையைச் சாயமிட்டுக் காணும் முறை

வேர் உறிஞ்சும் நீரை இலை நுனிவரை கொண்டு சேர்க்கும் சைலத் திசுவைப் படமாக வரைந்து, பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்கியவர்களில் பலர் அதை நேரில் கண்டதில்லை. காண்பதற்கு ஒரு காசித்தும்பைச் செடி, ஈயோசின் அல்லது சிவப்பு உணவுச் சாயம், புதிய பிளேடு, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் கூட்டு நுண்ணோக்கி ஆகியவை போதும். காசித்தும்பையின் தண்டு நீர்ச்சத்து மிக்கது. ஓரளவு ஒளி ஊடுருவக் கூடியது. வெள்ளைப் பூப் பூக்கும், வெளிர்பச்சைத் தண்டுள்ள செடியாகத் தேர்ந்தெடுத்தால் சாயம் ஏறுவது வெளியிலிருந்தே தெரியும்.

செடியை வேரோடு பிடுங்கிச் சாயநீரில் வைக்கும்படி பல செய்முறை நூல்கள் கூறுகின்றன. ஆயினும் முழுமையான வேரின் அகத்தோலில் (சைலத்தைச் சூழ்ந்த செல் அடுக்கில்) உள்ள காஸ்பேரியன் பட்டை என்னும் நீர் புகாத தடுப்பு சாயத்தை எளிதில் உள்ளே விடாது; அறுபட்ட வேர்களின் வழியாகவே சாயம் நுழைகிறது. எனவே தண்டை வெட்டி வைப்பதே நேரான வழி. ஆனால் வெட்டுவதை நீருக்கடியில் செய்ய வேண்டும். பகல் நேரத்தில் சைலத்தில் உள்ள நீர் மேல்நோக்கி இழுக்கப்பட்டு விறைத்த நிலையில் இருப்பதால், காற்றில் வெட்டிய கணமே நீர்க்கம்பம் உள்வாங்கி, அதன் இடத்தில் காற்று புகுந்துவிடும். வாளி நீரில் தண்டை அமிழ்த்திச் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் ஈரம் காயுமுன் சாயநீருக்கு மாற்றவும். பூக்கடையில் வாங்கிய கொத்துகள் குவளையில் வைத்தும் வாடிவிடுவதற்கு இந்தக் காற்றுக் குமிழிகள் ஒரு முக்கியக் காரணம்.

வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்தால், பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் இலை நரம்புகள் சிவக்கத் தொடங்கும். இலைகளை முற்றிலும் கிள்ளிய இன்னொரு தண்டையும் பக்கத்தில் வைக்கத் தவற வேண்டாம். அதில் சாயம் மிக மெதுவாக ஏறுவதைக் கொண்டே, இலைகளிலிருந்து நீர் ஆவியாகும் நீராவிப்போக்கின் பங்கை உணர முடியும். நரம்புகள் சிவந்தவுடன் தண்டை எடுத்துவிடுவது நல்லது. அதிக நேரம் விட்டால் சாயம் பக்கத்துச் செல்களுக்கும் கசிந்து, பாதை எது, கசிவு எது என்று பிரித்தறிய இயலாமல் போகும்.

இனிக் குறுக்குவெட்டு. நடுவில் பிளந்த கேரட் துண்டினிடையே தண்டைச் செருகிப் பிடித்து, நீரில் நனைத்த பிளேடை ஒரே வீச்சில் தன் பக்கமாக இழுத்து, பல சீவல்களை எடுத்து, அவற்றுள் மிக மெல்லியதை மட்டும் கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு கிளிசரினில் வைத்து மூடவும். வட்டமுழுமையான சீவல் கிடைக்க வேண்டும் என்பதில்லை. மெல்லிய ஓரம் ஒன்றே போதும்.

நுண்ணோக்கியில் வாஸ்குலார் கற்றைகள், அதாவது நீரையும் உணவையும் கடத்தும் திசுக்களின் கட்டுகள், வளையமாக அமைந்திருக்கும். ஒவ்வொரு கற்றையிலும் சிவந்த பகுதி உட்புறமாகவும், உணவைக் கடத்தும், நிறமேறாத புளோயம் வெளிப்புறமாகவும் இருக்கும். சிவந்த பகுதியில் மையத்தை ஒட்டிய சிறு துளைகள் முதலில் தோன்றிய புரோட்டோசைலம். வெளிப்புறம் உள்ள அகன்ற துளைகள் பின்னர் முதிர்ந்த மெட்டாசைலம். வேரில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

அந்தத் துளைகளில் சைட்டோபிளாசமோ உட்கருவோ கிடையாது. சைலக் குழாயின் செல்கள் முதிரும்போது இறந்து, குறுக்குச் சுவர்கள் கரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக இணைந்து நீண்ட குழாயாகின்றன. சைலத்தின் மற்றொரு நீர்க்கடத்தும் வகையான டிரக்கீடுகளும் இறந்த செல்களே. ஆனால் அவற்றின் முனைகள் மூடியிருப்பதால் நீர் பக்கச்சுவரின் குழிகள் வழியாகவே செல்லும். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் டிரக்கீடுகளைக் கொண்டே நீரை ஏற்றுகின்றன. இழுவிசையால் சுவர்கள் உள்நோக்கி நசுங்காமல் காப்பது லிக்னின் என்னும் கடினப் பொருளாலான தடிப்பு. இளம் சைலத்தில் அது சுருள் வடிவில் இருப்பதால் தண்டு நீளும்போது தானும் நீள்கிறது. தாமரை இலைக்காம்பை ஒடித்து இரு துண்டுகளையும் மெல்ல விலக்கினால் இடையில் நீளும் நூல்கள், பிரிந்து வரும் அந்தச் சுருள்களே. இதைக் காண நுண்ணோக்கியும் தேவையில்லை.

மெல்லிய குழாயில் நீர் தானாகவே மேலேறும் நுண்புழையேற்றமே நீரை ஏற்றுகிறது என்ற விளக்கம் இன்றும் வகுப்பறைகளில் கேட்கிறது. 0.1 மி.மீ. விட்டமுள்ள குழாயில் அதனால் நீர் ஏறக்கூடிய உயரம் ஏறத்தாழ 30 செ.மீ. மட்டுமே, கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களோ 100 மீட்டரைத் தாண்டுகின்றன. உயிருள்ள செல்கள் நீரை உந்துகின்றன என்ற கருத்தைத் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் 1890களில் சோதித்தார்: வெட்டிய மரத்தை நச்சுக் கரைசலில் நிறுத்தியபோது, வழியிலிருந்த செல்கள் மடிந்த பின்னும் கரைசல் ஏறிக்கொண்டே இருந்தது. இலையிலிருந்து ஆவியாகும் நீர், தன்னோடு ஒட்டிப் பிணைந்த நீர்க்கம்பத்தையே மேலே இழுக்கிறது என்று அயர்லாந்து அறிஞர்கள் டிக்சனும் ஜோலியும் 1894இல் விளக்கினர்.

பாதை சைலமே, பட்டை அல்ல என்பதையும் சரிபார்க்கலாம். இரண்டு செம்பருத்திக் கிளைகளை நீருக்கடியில் வெட்டி, ஒன்றின் நடுவில் 2 செ.மீ. அகலத்திற்குப் பட்டையை வளையமாக உரித்து நீக்கி, இரண்டையும் சாயநீரில் வைக்கவும். உரித்த கிளையின் இலைகளும் வாடுவதில்லை. தோட்டத்தில் நிற்கும் மரத்தின் அடிப்பட்டையை இவ்வாறு சுற்றிலும் நீக்கினாலும் இலைகள் உடனே வாடமாட்டா. பட்டையோடு சேர்ந்த புளோயம் அறுபட்டு உணவு இறங்காததால் வேர்கள் மெல்ல நலிந்த பிறகே மரம் பட்டுப்போகும்.