சித்திரை 1 எந்த நாள்? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

வருஷப் பிறப்பு ஏப்ரல் 14 என்பது பலருக்கும் மனப்பாடம். பஞ்சாங்கத்தில் அப்படி ஒரு விதியே கிடையாது. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நேரம் அன்றைய அஸ்தமனத்துக்கு முன்னால் வந்தால் அன்றே சித்திரை 1. பின்னால் வந்தால் மறுநாள். அவ்வளவுதான். தை 1, ஆடி 1 எல்லாவற்றுக்கும் இதே விதி, ராசி மட்டும் மாறும்.

முதலில் பஞ்சாங்கத்தில் பங்குனி மாதக் கடைசிப் பக்கத்தை எடுங்கள். மேஷ சங்கிரமணம், அதாவது சூரியன் மேஷத்தில் நுழைவது, இத்தனை நாழிகை, இத்தனை விநாழிகை என்று இருக்கும். ஒரு நாழிகை 24 நிமிஷம், ஒரு விநாழிகை 24 விநாடி. எண்ணத் தொடங்குவது சூரிய உதயத்திலிருந்து. அதே வரிசையில் 'அகஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. அது அன்றைய பகல் பொழுதின் நீளம். ஏப்ரல் நடுவில் வேலூருக்குச் சுமார் 31 நாழிகை. சங்கிரமண நாழிகை அகஸைவிடக் குறைவு என்றால் அன்றே, கூடுதல் என்றால் மறுநாள். மணியாக மாற்றத் தேவையே இல்லை.

மணிக்கு மாற்றியே தீருவேன் என்றால், சித்திரைப் பிறப்பை ஒட்டி வேலூரில் உதயம் காலை 6:01, அஸ்தமனம் மாலை 6:25 வாக்கில். சென்னைக்குக் கணித்த பஞ்சாங்கத்தில் அஸ்தமனம் நாலரை நிமிஷம் முந்தியிருக்கும். தீர்க்கரேகை ஒரு பாகைக்கு 4 நிமிஷம், அதுதான் காரணம். சங்கிரமணம் அந்த இடைவெளிக்குள் விழுவது அபூர்வம். விழுந்தால் நம் ஊர் நேரத்தை வைத்துப் பாருங்கள்.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று. பஞ்சாங்க நாள் உதயம் முதல் உதயம் வரை. 2025ல் சங்கிரமணம் ஏப்ரல் 14 அதிகாலை மூன்றரை மணி. பஞ்சாங்கத்தில் இது 13ஆம் தேதி வரிசையில், சுமார் 53 நாழிகை 40 விநாழிகை என்று நிற்கும். '13ஆம் தேதியே பிறந்துவிட்டது' என்று படிப்பது தவறு. அகஸைத் தாண்டிவிட்டதால் மறுநாள், அதாவது 14.

அடுத்த வருஷத்துக்கு வெறும் கூட்டல் போதும். பஞ்சாங்கக் கணக்கு இரண்டு வகை: இன்றைய வானியல் அளவுகளோடு திருத்தியது திருக்கணிதம், பழைய சூத்திரங்களின்படி போடுவது வாக்கியம். திருக்கணிதத்துக்கு 365 நாளோடு 15 நாழிகை 23 விநாழிகை. வாக்கியத்துக்கு 365 நாளோடு 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை (விநாழிகையில் அறுபதில் ஒரு பங்கு). 2026ல் திருக்கணிதப்படி ஏப்ரல் 14, உதயத்திலிருந்து சுமார் 9 நாழிகை. 2027க்கு 24 நாழிகை சொச்சம்; அகஸுக்குள் அடங்குகிறது, அன்றே 14. 2028ல் 39 முக்கால் நாழிகைக்கு மேல்; ஆனால் பிப்ரவரி 29 நடுவில் புகுந்ததால் 365 நாள் எண்ணினால் ஏப்ரல் 13தான் வரும். இரவு, ஆகவே மறுநாள் 14. 2029ல் 55 நாழிகை, மீண்டும் 13ஆம் தேதி வரிசை, மீண்டும் 14. லீப் நாளைக் கழிக்க மறந்தால் கணக்கு முழுக்க ஒரு நாள் தள்ளிப் போகும்.

நாலு வருஷச் சுற்று ஒவ்வொன்றிலும் சுமார் 37 நிமிஷம் மிச்சம் தங்கும். அது சேர்ந்து சேர்ந்து 2040களின் பின்பாதியில் ஒரு வருஷம் அஸ்தமனத்தைத் தாண்டும். அப்போது சித்திரை 1 ஏப்ரல் 15.

நம் வட ஆற்காட்டுப் பக்கம் ஆற்காடு சீதாராமய்யர் பெயர் தாங்கிய பாம்பு பஞ்சாங்கம்தான் பழக்கம், அது வாக்கியம். அதிலும் திருக்கணிதத்திலும் சங்கிரமண நேரம் ஒன்றாக இருக்காது. ஒன்றில் எடுத்த நேரத்தோடு மற்றதன் கூட்டலைக் கலக்காதீர்கள்.

சரி, சூரியன் மேஷத்தில் நுழைவது ஏன் ஏப்ரல் நடுவில்? மொட்டைமாடியில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு கட்டிச் சரிபாருங்கள். ஒரு பாகை சாய்ந்தாலும் நிழல் 1.7 செ.மீ. பிசகும். பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20 அன்று, 12:21க்கு வேலூரில் நிழல் வடக்கே 23 செ.மீ. ஏப்ரல் 14 அன்று 12:14க்கு வெறும் 6 செ.மீ. ஏப்ரல் 24, 25 வாக்கில் நிழலே இருக்காது. ஆக சமநாள் கடந்து 25 நாள் ஆன பிறகே நம் வருஷம் பிறக்கிறது.

விடை ராத்திரி வானத்தில் இருக்கிறது. ஏப்ரல் 14 நள்ளிரவு 12:07 வாக்கில் தெற்கு நோக்கி நின்று, தொடுவானத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்குச் சற்று மேலே பாருங்கள். வெண்மையாக ஒளிரும் ஒற்றை நட்சத்திரம் சித்திரை. சூரியன் அதற்கு நேர் எதிரே, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நம் வருஷம் நட்சத்திரத்தோடு கட்டப்பட்டது, பருவத்தோடு அல்ல. சமநாளோ 72 வருஷத்துக்கு ஒரு பாகை நழுவுகிறது. மேகநாத் சாகா தலைமையிலான நாள்காட்டிக் குழுவின் கணக்கில் சமநாளும் மேஷத் தொடக்கமும் ஒன்றாக இருந்தது கி.பி. 285ல். 1957ல் வந்த தேசிய சக நாள்காட்டி பருவத்தைப் பிடித்துக்கொண்டதால்தான் மார்ச் 22ல் தொடங்குகிறது.

குடியாத்தம், காட்பாடித் தெலுங்கு வீடுகளில் உகாதி முந்திவிடும். அது சந்திரக் கணக்கு: அமாவாசை கழிந்து, உதயத்தில் பிரதமை இருக்கும் நாள். 2025ல் மார்ச் 30. 2026ல் பிரதமை உதயத்துக்குப் பின் தொடங்கி மறு உதயத்துக்கு முன்பே முடிந்துவிடுவதால், அது தொடங்கும் மார்ச் 19. வருஷப் பெயர் மட்டும் இரு வீட்டிலும் ஒன்றே. மலையாளிகளுக்கு விஷுக்கனி காணும் விடியலில் சூரியன் ஏற்கெனவே மேஷத்தில் இருக்க வேண்டும். 2023ல் நமக்கு 14, அவர்களுக்கு 15 ஆனது அதனால்.

பெயர் கண்டுபிடிக்க ஆங்கில வருஷத்திலிருந்து 1986 கழித்து, 60ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 2025க்கு 39, விசுவாவசு. 2026க்கு 40, பராபவ. மீதி பூஜ்யம் என்றால் அட்சய. ஜனவரி முதல் பங்குனி முடியும் வரை முந்தைய ஆங்கில வருஷத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.